ஆற்காட்டில் மனைக்கடியில் ஒரு பழஞ்சுவர்: தோண்டாமல் பார்க்க வழி உண்டா?

கீழ்வீதியான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆற்காடு நகருக்குள், பழைய கோட்டையில் எஞ்சி நிற்கும் டெல்லி வாசலிலிருந்து நடந்து போய்விடக்கூடிய தூரத்தில் எங்கள் பூர்வீக வீடு இருந்தது. ஓடு சரிந்து சுவரும் ஊறிப்போனதால் சென்ற மாதம் அதை இடித்துவிட்டோம். புது வீட்டுக்குச் சம்ப் எடுப்பதற்காக மனையின் வடமேற்கு மூலையில் பள்ளம் தோண்டியபோது, சுமார் நான்கடி ஆழத்தில் கடப்பாரை எதிலோ பட்டுத் துள்ளியது. மண்ணை ஒதுக்கிப் பார்த்தால், இன்றைய செங்கல்லில் பாதிக் கனம்கூட இல்லாத தட்டைச் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய சுவர் ஒன்று, இரண்டு முழ அகலத்துக்குக் குறையாமல், பள்ளத்தின் இரு பக்கமும் மண்ணுக்குள் புகுந்து போகிறது. சாந்தை நகத்தால் கீறிப் பார்த்தேன், கீறல்கூட விழவில்லை. மேஸ்திரி, உடைத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்றார். எனக்கு மனம் வரவில்லை. பள்ளத்தின் மேல் தகரத்தைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

நவாபுகள் தலைநகராக வைத்திருந்த ஊர் இது. 1751இல் ராபர்ட் கிளைவ் 50 நாளுக்கு மேல் முற்றுகையைத் தாங்கியதும், 1780இல் ஹைதர் அலி கைப்பற்றியதும் இங்கேதான். அவ்வளவு பெரிய அரணில் இன்று நிமிர்ந்து நிற்பது ஒரு வாசல் என்றால், மிச்சமெல்லாம் எங்கள் வீடுகளுக்கும் கடைகளுக்கும் அடியில்தான் இருக்க வேண்டும் என்று சிறுவயதிலிருந்தே நினைத்து வந்தவன் நான்.

என் கேள்வி இதுதான். கீழடியில் தோண்டுவதற்கு முன்பே ரேடாரும், மண்ணின் நுண்ணிய காந்த வேறுபாட்டை அளக்கும் காந்தமானியும் கொண்டு மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள் எனப் படித்தேன். நகருக்குள், நான்கு பக்கமும் வீடுகள் நெருக்கிக்கொண்டிருக்கும் 40க்கு 60 அடி மனையில் அது சாத்தியமா? பின்பாதி வெறும் மண்தரை. முன்பாதியில் கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம் உள்ளது. எந்தக் கருவி பொருந்தும், அது சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதோடு தொடர்புடைய சிறு கேள்வி ஒன்று: எங்கள் தாத்தா இந்த மனைக்கடியில் வேலூர்க் கோட்டைக்குப் போகும் சுரங்கம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் இந்தக் கருவிகளால் தீர்த்துவைக்க முடியுமா?

நாலுகம்பி எழுதியது:

ஐயா, நான் குடியாத்தம் பக்கம் போர்வெல்லுக்கு நீரோட்டம் பார்த்துக் கொடுப்பவன். தேங்காயை உருட்டியும் குச்சியை ஏந்தியும் பார்ப்பவன் அல்லன். நான்கு இரும்புக் கம்பிகளை வரிசையாக அடித்து, வெளிக்கம்பிகள் இரண்டின் வழியாக மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகள் இரண்டுக்கும் இடையே உள்ள மின்னழுத்தத்தை அளந்து, மண் எவ்வளவு மின்தடை காட்டுகிறது என்று கணக்கிடுபவன். இதே முறையைத்தான் 1946இல் இங்கிலாந்தின் டார்செஸ்டரில் ரிச்சர்ட் அட்கின்சன் என்ற தொல்லியலாளர் புதைந்த பள்ளங்களையும் அகழிகளையும் கண்டுபிடிக்கப் பயன்படுத்தினார். ஆகவே உங்களுக்குத் தேவையான கருவிகளில் ஒன்று வடாற்காட்டில் ஏற்கெனவே ஊருக்கு ஊர் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. இதுவரை அது தண்ணீரை மட்டுமே தேடிக்கொண்டிருந்தது.

வித்தியாசம் கம்பிகளின் இடைவெளியில் இருக்கிறது. நாங்கள் நூறு மீட்டருக்குக் கீழே பாறை வெடிப்பைத் தேடுவதால் வெளிக்கம்பிகளை வயல் முழுக்க விரித்துக்கொண்டே போகிறோம். உங்களுக்கு வேண்டியதோ முதல் இரண்டு மீட்டர். கம்பிக்குக் கம்பி ஒரு மீட்டர் வைத்து, நான்கையும் சேர்த்து அரை மீட்டர் அரை மீட்டராக நகர்த்தினால் போதும். ஈரமான மண் மின்சாரத்தை எளிதில் விடும். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட கட்டு அவ்வளவு எளிதில் விடாது. எனவே சுவர் ஓடும் வரிசையில் எண் ஏறும். பள்ளம் தோண்டி நிரப்பிய இடமோ பழைய அகழியோ இருந்தால், அங்கே ஈரம் தங்கியிருப்பதால் எண் இறங்கும்.

சித்திரை, வைகாசியில் இதைச் செய்யாதீர்கள். மேல்மண் காய்ந்து கிடக்கும்போது கம்பிக்கும் மண்ணுக்கும் தொடர்பே கிடைக்காது. கம்பி அடித்த இடத்திலெல்லாம் சொம்பு சொம்பாக உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். மழை ஓய்ந்து நிலம் பாதி ஈரத்தோடு இருக்கும் தை, மாசிதான் ஏற்ற காலம். கான்கிரீட் தளத்தில் கம்பி இறங்காது என்பதால் முன்பாதிக்கு என்னிடம் வழியில்லை. வீட்டின் எர்த் குழியும் பக்கத்து மனையின் இரும்புக் குழாயும் எங்கே இருக்கின்றன என்று முன்பே குறித்து வையுங்கள். அவை மின்சாரத்தைத் தம் பக்கம் இழுத்து எண்ணைக் கெடுத்துவிடும்.

மண்ணடுக்கு எழுதியது:

அகழாய்வுகளுக்கு முன்னால் நிலத்தை அளக்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நாலுகம்பி அவர்கள் சொன்னது சரி. ரேடாரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதைப் பற்றித்தான் எதிர்பார்ப்பு அளவுக்கு மீறி இருக்கிறது.

கீழடியோடு ஒப்பிட வேண்டாம். அது தென்னந்தோப்பு. அங்கே சுவருக்கும் மேல்தரைக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் மண். நகரில் நடுவில் இருப்பது முந்நூறு ஆண்டு வாழ்க்கை: இடித்த வீட்டின் கல்லும் ஓடும், தூர்த்த கிணறு, கழிவுநீர்த் தொட்டி, குடிநீர்க் குழாய், ஈபி கேபிள். தரை ஊடுருவும் ரேடார் சுவர் என்றும் குழாய் என்றும் பெயர் சொல்லாது. தள்ளுவண்டி போல உருட்டிக்கொண்டு போகையில் அது மண்ணுக்குள் அலைகளை அனுப்புகிறது. ஒரு பொருளிலிருந்து வேறு பொருளுக்கு மாறும் இடத்தில் அலையின் ஒரு பகுதி திரும்பி வருகிறது. திரும்ப எத்தனை நானோவினாடி (வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு) ஆயிற்று என்பதை மட்டுமே கருவி எழுதிவைக்கிறது. குழாயைக் குறுக்காகக் கடந்தாலும் தனிக்கல்லைக் கடந்தாலும் திரையில் விழுவது கவிழ்த்த கிண்ணம் போன்ற அதே வளைவுதான். ஒரு வரியை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது. பல வரிகளை அடுக்கி, ஒரே ஆழத்தைக் கிடைமட்டமாக வெட்டிப் பார்த்தால், நேர்கோடும் மூலைத்திருப்பமும் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. என் தொடக்க நாட்களில், பெயர் சொல்ல வேண்டாத ஓர் ஊரில், அழகான நேர்கோடு ஒன்றைக் கோயில் திருச்சுற்று மதில் என்று வரைந்து கொடுத்தேன். தோண்டியபோது வெளிவந்தது பழைய வார்ப்பிரும்புக் குடிநீர்க் குழாய். அதிலிருந்து நகராட்சியின் குழாய் வரைபடத்தைப் பார்க்காமல் வண்டியை இறக்குவதில்லை.

ஆழக் கணக்கில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அலையின் வேகம் மண்ணின் ஈரத்தைப் பொறுத்து மாறும். காய்ந்த மணலில் நானோவினாடிக்கு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். நீர் நிறைந்த மணலில் 6 சென்டிமீட்டர். போகவும் வரவும் சேர்த்து 40 நானோவினாடியில் திரும்பி வந்த எதிரொலி, காய்ந்த நிலமானால் மூன்று மீட்டர் ஆழத்தைக் குறிக்கும், நனைந்த நிலமானால் ஒன்றே கால் மீட்டருக்கும் குறைவு. இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு பெரிய வசதி வாய்த்திருக்கிறது: சுவரின் தலை நான்கடியில், அதாவது 1.2 மீட்டரில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். சம்ப் பள்ளத்தின் ஓரமாக, சுவர் மண்ணுக்குள் நுழையும் இடத்துக்கு மேலே வண்டியைக் குறுக்காக ஓட்டினால், எதிரொலி 24 நானோவினாடியில் வந்தால் வேகம் 10 சென்டிமீட்டர், 40இல் வந்தால் 6 என்று நேராகக் கிடைத்துவிடும். பெரும்பாலான ஆய்வாளர்களுக்கு இப்படித் திறந்து வைத்த அளவுகோல் கிடைப்பதில்லை. ஆகவே தயவுசெய்து அந்தப் பள்ளத்தை இப்போதைக்கு மூடிவிடாதீர்கள்.

400 மெகாஹெர்ட்ஸ் அளவிலான ஆன்டெனா உங்கள் ஆழத்துக்குப் பொருந்தும். பின்பாதி 12க்கு 9 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அரை மீட்டருக்கு ஒரு வரியாக இரு திசையிலும் நடந்தால் 44 வரிகள் வரும். மொத்த நடை அரை கிலோமீட்டருக்குக் குறைவு. காலையில் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் முடியும். கான்கிரீட் தளத்தில் கம்பிவலை நெருக்கமாக இருந்தால் அலை அங்கேயே அடிபட்டுத் திரும்பிவிடும். அந்தப் பாதியை இந்த முறையில் மறந்துவிடுங்கள். காந்தமானியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சூளை, அடுப்பு, சுட்ட செங்கல் போன்றவற்றுக்குத் திறந்தவெளியில் அதைவிட விரைவான கருவி இல்லை. ஆனால் அளப்பவர் இடுப்பில் பெல்ட் பக்கிள்கூட இருக்கக் கூடாத அளவுக்கு நுட்பமான அந்தக் கருவியை, இரும்பு கேட்டுக்கும் நிறுத்திவைத்த இருசக்கர வண்டிக்கும் நடுவில் கொண்டு போய் வைப்பதில் பயனில்லை.

நம்பகம் பற்றி: 2011இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், மன்னர் மூன்றாம் ரிச்சர்டு புதைக்கப்பட்ட மடாலயத்தைத் தேடி ஒரு கார் நிறுத்துமிடத்தில் ரேடார் ஓட்டினார்கள். இடிபாட்டுக் குவியலும் இன்றைய குழாய்களும் தெரிந்தனவே தவிர, கட்டடம் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. 2012இல் தோண்டிய முதல் நாளிலேயே முதல் குழியில் எலும்பு தென்பட்டது. அது அம்மன்னருடையதுதான் என்று அடுத்த ஆண்டு அறிவித்தார்கள். மறுபக்கமும் உண்டு. ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகில் டரிங்டன் வால்ஸ் என்ற இடத்தில் பெருங்கற்கள் வரிசையாகப் படுத்துக் கிடக்கின்றன என்று 2015இல் அளவாய்வை வைத்து அறிவித்தார்கள். 2016இல் தோண்டியபோது கல் ஒன்றும் இல்லை, மரக்கம்பங்கள் நட்டுப் பின்னர் பிடுங்கிச் சுண்ணக்கல் இட்டு நிரப்பிய குழிகளே இருந்தன. ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. தெரிந்தது என்பதற்காக நாம் நினைத்ததுதான் அது என்று கொள்ளவும் கூடாது.

கீழ்வீதியான் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு விவரங்களைச் சேர்க்கிறேன். மனையின் பின்பக்கக் கிணற்று நீர் என் சிறுவயதில் குடிக்க உகந்ததாக இருந்தது. இப்போது வாயில் வைக்க முடியாத உப்பு. இது அளவாய்வைப் பாதிக்குமா? மேலும், இந்தச் செய்தி வெளியே தெரிந்தால் மனையையே எடுத்துக்கொண்டுவிடுவார்கள் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.

மண்ணடுக்கு எழுதியது:

உப்பு நிச்சயமாகப் பாதிக்கும். முன்பே கேட்டிருக்க வேண்டியது, என் தவறு. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் தொழிலின் கழிவு நிலத்தடி நீரில் கலந்தது ஊரறிந்த கதை; 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கு அது. உப்பு ஏறிய ஈரமண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், கடத்தும் மண் ரேடார் அலையைக் குடித்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு மீட்டர் எதிர்பார்த்தால் அரை மீட்டரில் திரை வெறுமையாகிவிடக்கூடும். உங்கள் கிணற்றில் நீர்மட்டம் எத்தனை அடியில் நிற்கிறது என்று பாருங்கள். கோடையில் அது ஆழமாக இறங்கி, மேலே உள்ள ஆற்று மணல் காய்ந்திருந்தால் ரேடார் வேலை செய்யும். எனவே கம்பிக்குத் தை மாதம், ரேடாருக்குச் சித்திரை. தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். கோயிலுக்கு 1981இல் சாமி திரும்பிவிட்டது. தண்ணீரில்லாத ஆறு மட்டும் ரேடார் வைத்திருப்பவனுக்கு வரம்.

சாலைக்குழி எழுதியது:

நான் சாலை வெட்டும் ஒப்பந்தப் பணிகளில் இருக்கும் பொறியாளன். எங்களிடமும் இதே ரேடார் வண்டி உண்டு. நாங்கள் கேபிள் தேடுகிறோம், நீங்கள் மதில் தேடுகிறீர்கள். அதனால் ஒன்று சொல்ல முடியும்: வண்டியை வாடகைக்கு எடுப்பதைக் காட்டிலும், அது எழுதியதைப் படிக்கத் தெரிந்தவரை அழைப்பதே கடினம். எங்கள் ஆட்கள் முதல் ஒன்றரை மீட்டரில் குழாயின் வளைவை மட்டும் குறித்துக்கொண்டு, அதற்கு அடியில் உள்ள பட்டையான எதிரொலிகளைக் குப்பை என்று ஒதுக்கிவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது அந்தக் குப்பைதான். எங்களைப் போன்றவரை அழைத்தால், வரைந்து தரும் படத்தோடு நிறுத்தாமல் வடிகட்டாத மூலத் தரவையும் கேட்டு வாங்கி, தொல்லியல் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அதற்கும் முன்னால் செலவில்லாத வேலை ஒன்று உண்டு. நகர நில அளவை வரைபடத்தையும் உங்கள் புலப்படத்தையும் எடுத்துப் பாருங்கள். பழைய மதிலும் அகழியும் மறைந்த பிறகும், மனை எல்லைகளும் சந்துகளும் அவற்றின் கோட்டை ஒட்டியே பல இடங்களில் வளைந்து போகும். நாலைந்து மனைகளின் பின்எல்லை ஒரே கோட்டில் உங்கள் சுவரின் திசையில் போகிறதா என்று அளவுகோலை வைத்துப் பார்த்தால் தெரியும். அண்டை வீட்டார் போர்வெல் போட்டபோது எத்தனை அடியில் செங்கல் துகள் வந்தது என்று கேட்டுக் குறியுங்கள். சுவரே காணாத இடத்தில் திடீரென்று தளர்ந்த மண்ணும் உடைந்த செங்கல்லும் சுண்ணாம்புத் தூளும் ஒரு வரிசையாகக் கிடைத்தால் அதையும் விடாதீர்கள். மதிலை இடித்து நல்ல செங்கல்லை வேறு வீட்டுக்குப் பெயர்த்துக்கொண்டு போன பள்ளம் அது. ஆற்காட்டில் முழுச்சுவரைக் காட்டிலும் இத்தகைய பள்ளமே மிகுதியாக இருக்கும் என்பது என் எண்ணம்.

உறவினர்களின் பயத்துக்கு: மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் தூரத்துக்கு முன்அனுமதிக் கட்டாயமும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தப்படி உண்டு. உங்கள் மனை எந்த எல்லைக்குள் வருகிறது என்பதைச் சுவர் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். காசோ பாத்திரமோ கிடைத்தால், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மறைத்து வைத்தால்தான் சிக்கல்.

கோட்டையோரம் எழுதியது:

சுரங்கத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வேலூரில் எங்கள் பக்கத்தில் அது விரிஞ்சிபுரத்துக்குப் போகிறது, உங்கள் தாத்தாவிடம் ஆற்காட்டுக்கு வந்திருக்கிறது. போகிற போக்கில் செஞ்சிக்கும் போயிருக்கும். விரிஞ்சிபுரத்துக்கான சுரங்கத்துக்குத் தேடிப் பார்த்தவர்களுக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி, ஏனென்றால் வெற்றிடத்தைத் தேடத் தனிக்கருவி உண்டு. மண்ணுக்குள் வெற்றிடம் இருந்தால் அதற்கு நேர்மேலே புவியீர்ப்பு மிக நுண்மையாகக் குறையும். இரண்டு மீட்டர் அகலச் சுரங்கம் ஒன்று மூன்று மீட்டர் ஆழத்தில் காலியாக ஓடுவதாகக் கொண்டால், குறைவு ஏறக்குறைய 30 மைக்ரோகால் (ஈர்ப்பை அளக்கும் மிகச் சிறிய அலகு) வரும். நம்மை நிலத்தில் நிறுத்தும் ஈர்ப்போ 98 கோடி மைக்ரோகால். இன்றைய ஈர்ப்புமானிகளுக்கு அந்த 30 எட்டக்கூடியதே. ஆனால் சுற்றியுள்ள மாடி வீடுகளின் எடை, காலியான சம்ப், தெருவில் போகும் லாரியின் அதிர்வு ஆகியவற்றைக் கழித்த பிறகே அது தெரியும். சுரங்கம் மண் மூடிப்போயிருந்தால் அந்த 30உம் கரைந்துவிடும். உங்கள் தாத்தா சொன்னதில் ஒரு கரு இருக்கக்கூடும்: கோட்டைகளுக்கும் அரண்மனைகளுக்கும் நீர் கொண்டுவந்த மூடுகால்வாய்களை ஊரார் சுரங்கம் என்று சொல்வது வழக்கம். உங்கள் சுவருக்கு இணையாக இரண்டாவது சுவர் ஒன்று இரண்டு மூன்றடி தள்ளிக் கிடைத்தால், மதிலை மறந்துவிட்டு முதலில் கால்வாயை நினையுங்கள்.

கீழ்வீதியான் எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். புலப்படத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். எங்கள் பின்எல்லையும் அதற்கு அடுத்த மூன்று மனைகளின் பின்எல்லையும் ஒரே கோட்டில்தான் இருக்கின்றன. ஆனால் அந்தக் கோடு சுவரின் திசையில் இல்லை, ஏறக்குறைய செங்குத்தாக வெட்டுகிறது. கிணற்றில் தண்ணீர் 22 அடியில் நிற்கிறது. மனை சட்ட எல்லைக்குள் வருகிறதா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். சுவரைப் படம் எடுத்து, செங்கல்லின் நீளம், அகலம், கனத்தோடு வட்டாட்சியர் அலுவலகத்திலும் மனு கொடுத்துவிட்டேன். பதில் வரும் வரை கட்டட வேலை நிற்கிறது. அனுமதி கிடைத்தால் சம்ப்பைத் தென்கிழக்கு மூலைக்கு மாற்றுவதாக ஏற்பாடு. மேஸ்திரிக்கு அதில் வருத்தம்தான். பள்ளத்தின் மேல் தகரம் அப்படியே இருக்கிறது. நாலுகம்பி அவர்கள் தை பிறந்ததும் ஒரு நாள் வந்து போக முடியுமா?

நாலுகம்பி எழுதியது:

வருகிறேன் ஐயா. கம்பியும் சுத்தியும் நான் கொண்டு வருகிறேன். நீங்கள் எர்த் குழி இருக்கும் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து, இரண்டு குடம் தண்ணீரும் ஒரு படி கல்லுப்பும் எடுத்து வையுங்கள்.